செத்ததெண்டு ஆர் சொன்னது?

எங்கள் ஊர்ப் பேப்பரில் முயல் வளர்ப்போர் சங்கத்து முயலுக்குப் பரிசு கிடைத்தால் அரைப் பக்கம் வரும், முயலின் படத்தோடு. எங்கேயாவது ஒரு நாட்டில் சண்டை தொடங்கினால் அது முதற் பக்கத்தில் வரும். ஆனால் அந்த முதற் பக்கம் எங்கள் ஊரில் எழுதப்படுவதில்லை. ஸ்டுட்கார்ட்டில் யாரோ எழுதிச் சுற்றுவட்டாரத்துப் பேப்பர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி அனுப்புவார்கள். பிர்க்கன்ஹவுசன்காரர், அதாவது ஜேர்மனியில் எங்கள் ஊர்க்காரர், எழுதுவது உள்ளே வரும் நாலு பக்கம் மட்டும். தீயணைப்புப் படையின் விழா, ஆற்றுப் பாலத்துக்குப் பெயின்ற், யார் செத்தது, யாருக்குத் தொண்ணூறாவது பிறந்தநாள். சனம் முதலில் விரிப்பது அந்த நாலு பக்கத்தைத்தான். நானும் அப்படித்தான், பெரிய மனிதன் மாதிரிக் கதைப்பானேன்.

அந்தப் பேப்பரில்தான் தம்பித்துரை அண்ணையின் மகள் தேனுஜா பயிற்சி நிருபராக இருந்தாள். எனக்கும் தம்பித்துரை அண்ணைக்கும் ரயில் பாதை ஓரம் அடுத்தடுத்த தோட்டம். அவர் கத்தரி நடுவார், நான் வெங்காயம். வேலிக்கு மேலால் கதை போகும், வரும். அவர் மனிசி ஜெயமலரக்கா பிளாஸ்க்கில் கோப்பியோடு வந்துவிட்டால் கதை இன்னும் நீளும். இனி நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி அக்கா சொன்னது, மிச்சம் அண்ணை சொன்னது. இரண்டு பேரும் ஒரு விஷயத்தை ஒரே மாதிரிச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அக்காவுக்கு வேலை ஆற்றங்கரையில் இருக்கிற சலவைத் தொழிற்சாலையில். ஆஸ்பத்திரிகளில் இருந்தும் முதியோர் இல்லங்களில் இருந்தும் லொறி லொறியாகக் கட்டில் விரிப்புகள் வரும். தோய்த்து வரும் விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து, உதறி, நேராக்கி, சூடான பெரிய உருளைக்குள் கொடுக்க வேண்டும். ஒருத்தி கொஞ்சம் பிந்தினால் விரிப்பு கோணலாக உள்ளே போய்ச் சிக்கும். ஆவி முகத்தில் அடிக்கும், பங்குனிக் குளிரிலும் சட்டை நனையும். அக்காவுக்கு எதிர்ப்பக்க மூலை பிடிப்பவள் ஹனான். சூடான் நாட்டுக்காரி, நாற்பது வயதிருக்கும், தனி ஆள். அக்காவின் கட்டடத்திலேயே மூன்றாம் மாடி. வேலையிலும் எதிரே, வீட்டிலும் மேலே.

ஒரு விஷயம். ஹனானும் அக்காவும் பேசுவது ஜேர்மனில். அக்கா எனக்குச் சொன்னது தமிழில். ஆகவே இந்தக் கதையில் ஹனான் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுவாள். நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சித்திரை மாதம், ஒரு சனிக்கிழமை சூடானில் சண்டை தொடங்கியது. இரண்டு ஜெனரல்மார் ஆளுக்காள் பிடுங்குப்பட்டு ஊரைக் கொளுத்தினார்கள். திங்கட்கிழமை வேலைக்கு வந்த ஹனானின் முகம் வீங்கிப்போயிருந்தது.

"என்ன, பிள்ளை?" என்று அக்கா விரிப்பின் மூலையைப் பிடித்தபடி கேட்டா.

"ஒஸ்மானுக்குக் காயமாம், ஜெயா. ஆஸ்பத்திரியிலை கிடக்கிறானாம். கடுமையாம்."

ஒஸ்மான் அவளுடைய தமையன். சூடானில் ஓம்துர்மான் நகரத்தில் வாகன ரயர்க்கடை வைத்திருக்கிறவன், தாயைப் பார்க்கிறவன்.

"ஆர் சொன்னது?"

"பக்கத்து வீட்டுக்காரன். அதுக்குமேலை கதைக்க ஏலேல்லை, லைன் அறுந்திட்டுது."

அக்காவின் கையில் இருந்து விரிப்பு நழுவியது. உருளை அதை ஒரு பக்கமாக இழுத்துச் சிக்கவைத்துப் பெரிய சத்தம் போட்டது. மேற்பார்வைக்காரன் ஓடிவந்து மெஷினை நிற்பாட்டினான். அக்கா அதைக் கவனிக்கவில்லை. சுற்றிவந்து ஹனானைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினா. ஹனானும் அழுதாள்.

ஏன் அக்கா அப்படி அழுதா என்பது யாழ்ப்பாணத்துச் சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்லுகிறேன். எங்கள் ஆட்களில் ஒருவரும் தூரத்தில் இருக்கிறவருக்குச் சாவை வாயால் சொல்லமாட்டார்கள். போன் எடுத்து, "சாப்பிட்டாச்சோ? பக்கத்திலை ஆர் இருக்கினம்?" என்று கேட்பார்கள். பிறகு, "கொஞ்சம் கடுமையாத்தான் கிடக்குதாம்" என்பார்கள். கேட்டவர் "பிரேதம் எப்ப எடுக்கினம்?" என்று கேட்கமாட்டார். போனை வைத்துவிட்டுக் கத்துவார். சொன்னவருக்கும் பாவம் இல்லை, கேட்டவருக்கும் விளங்கிவிடும். அக்காவின் தம்பி நாதன் செத்ததும் அப்படித்தான் அக்காவுக்குத் தெரியவந்தது. அது தொண்ணூறாம் ஆண்டு. அக்கா ஜேர்மனிக்கு வந்த புதிது, அகதிகள் விடுதியில் இருந்த காலம். நாதன் திருக்கோணமலையில் ஒரு இரும்புக் கடையில் வேலை. சண்டை திரும்பத் தொடங்கியது. கொழும்பில் இருந்து மாமா போன் எடுத்தார். "நாதன் கடுமையாம், பிள்ளை." அவ்வளவுதான். அக்கா அன்றைக்கு அழுத அழுகையில் விடுதி முழுக்கக் கூடிவிட்டதாம். அதனால் ஹனான் அந்தச் சொற்களைச் சொன்னவுடனே அக்காவுக்கு மேற்கொண்டு ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சாவீட்டில் அடுப்பு எரியக்கூடாது. அயலட்டைதான் சமைத்துக் கொடுக்க வேண்டும். அக்கா வேலை முடிந்து வந்து, உடுப்பும் மாற்றாமல் சோறு வைத்து, பருப்பும் பூசணிக்காயும் காய்ச்சி, ரசமும் வைத்து, பானையோடு மூன்றாம் மாடிக்கு ஏறினா.

"இப்ப சாப்பிடமாட்டன், ஜெயா. பொழுதுபட்ட பிறகு சாப்பிடுறன்" என்றாள் ஹனான்.

அது நோன்பு மாதம். அக்காவுக்கும் தெரியும். ஆனால் சாவீடு என்று நினைத்தபிறகு சாவீடாகத்தானே எல்லாம் தெரியும். பாவம், தொண்டைக்குள் இறங்குதில்லை என்று அக்கா நினைத்தா. ஹனானோ, என் தமையனுக்குக் காயமென்று கேள்விப்பட்டு எனக்கு நோன்பு திறக்கச் சமைத்துக் கொண்டுவந்திருக்கிறாளே, இவளும் ஒரு கூடப்பிறப்புத்தான் என்று நினைத்திருக்கிறாள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்து அழுதார்கள். சாவைப்பற்றி ஒரு சொல் இல்லை. எப்படி இருக்கும்?

தேனுஜா வேலையால் வந்தபோது அக்கா அடுப்படியில் இருந்தா.

"மேல்வீட்டுப் பிள்ளையின்ர தமையன் போயிட்டான், தேனு."

"ஐயோ! அவ சொன்னவவோ?"

"கடுமை எண்டு சொன்னவள்."

தம்பித்துரை அண்ணை யன்னலோரம் கத்தரி நாற்றுக்குத் தண்ணி தெளித்துக்கொண்டிருந்தார். "கடுமை எண்டு சொன்னதோ? அப்ப சரி, முடிஞ்சுது" என்றார்.

இப்போது பேப்பரின் பக்கத்தைச் சொல்ல வேண்டும். ஊர்ப் பேப்பரின் ஆசிரியர் பென்ஜமின் என்பவர். உலகத்தில் எது நடந்தாலும் அதற்கு எங்கள் ஊரில் ஒரு வாசற்கதவு இருக்கும் என்பது அவருடைய வேதம். ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்தபோது விமான நிலையத்தில் மாட்டிக்கொண்ட எங்கள் ஊர்ப் பாட்டுக்குழுவைப் பிடித்து முழுப்பக்கம் போட்டவர். சூடானில் சண்டை என்றதும், "இந்த ஊரில் சூடான்காரர் யாராவது உண்டா?" என்று காலைக் கூட்டத்தில் கேட்டார். தேனுஜாவின் பயிற்சி கோடையோடு முடிகிறது. அதற்குப் பிறகு வைத்திருப்பார்களா, அனுப்புவார்களா என்று ஒருவரும் சொல்லவில்லை. அவள் கையை உயர்த்தினாள்.

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "செத்தவீட்டிலை போய்ப் பேட்டி எடுக்கிறதோ? கண்டறியாத வேலை."

"அம்மா, அவவிட்டைக் கேட்டனான். வரச் சொல்லிப்போட்டா."

"அப்ப போ. ஆனால் தமையன்ர சாவைப் பற்றிக் கேளாதை. புண்ணிலை கோலாலை குத்தாதை, சொல்லிப்போட்டன்."

தேனுஜா இங்கே பிறந்து வளர்ந்தவள். பல்கலைக்கழகம் போனவள். ஒரு சேதிக்கு இரண்டு ஆதாரம் வேண்டும் என்று அவளுக்குப் படிப்பித்திருக்கிறார்கள். ஆனால் சாவை நேரே கேட்கக்கூடாது என்பதை அதற்கு முதலே வீட்டில் படித்திருந்தாள். ஹனான் ஒஸ்மானைப் பற்றி நிறையச் சொன்னாள். ரயர்க்கடையின் வாசலில் தேத்தண்ணி விற்கிற பெண்கள், தாய் வீட்டைவிட்டு வெளிக்கிடமாட்டேன் என்று நிற்பது, ஒஸ்மான் சின்ன வயதில் நைல் ஆற்றில் தாழப்போனது. தேனுஜா எல்லாவற்றையும் எழுதினாள். கேட்கக்கூடாததைக் கேட்கவில்லை.

புதன்கிழமை பேப்பர் வந்தது. உள்ளே முதற் பக்கத்தில், பாலத்துப் பெயின்ற் செய்திக்கு மேலே: "சூடானில் போர்: பிர்க்கன்ஹவுசன் பெண் தமையனை இழந்தார்."

நல்லாய் எழுதியிருந்தாள் பெட்டை. எனக்கே கண் கலங்கியது. சனம் வாசித்தது. மத்தியானத்துக்குள் கட்டட வாசலில் மெழுகுதிரியும் பூச்சாடியும் வைத்துவிட்டார்கள். சலவைத் தொழிற்சாலையில் மேற்பார்வைக்காரன் ஹனானிடம் போய்க் கைகொடுத்து அனுதாபம் சொல்லி, பேப்பரையும் கையில் கொடுத்து, வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறான்.

அன்றைக்கு அக்காவுக்குப் பின்னேர வேலை. கதவைத் திறந்தால் ஹனான் பேப்பரோடு நிற்கிறாள்.

"தேனுஜா எங்கை? அவளுக்கு ஆர் சொன்னது? எப்ப சொன்னவை?"

"வேலைக்குப் போட்டாள். இரும், பிள்ளை, இரும்."

ஹனான் நிலத்தில் இருந்து அடித்து அழுதாள். அக்கா தண்ணி கொடுத்து முதுகைத் தடவினா. சரி, இன்றைக்காவது வாய்விட்டு அழுகிறாளே, அழட்டும், நெஞ்சு ஆறும் என்று அக்கா நினைத்தா. எனக்கு இதைச் சொன்னபோது அக்கா தலையில் அடித்துக்கொண்டா. "கோதாரி விழுவாள் நான், தம்பி! அவளுக்கு அண்டைக்குத்தான் செத்தவீடு. நான் திங்கக்கிழமைச் செத்தவீடெண்டு நினைச்சுக்கொண்டு முதுகு தடவுறன்!"

அடுத்த நாள், வியாழக்கிழமை, பொழுதுபட ஹனான் திரும்ப இறங்கி வந்தாள். அப்போது தேனுஜாவும் வீட்டில் இருந்தாள், அண்ணையும் இருந்தார்.

"கெய்ரோவிலை இருந்து என்ர மச்சாள் போன் எடுத்தவள்" என்றாள் ஹனான். "அவளும் சொல்லுறாள். உண்மைதான். உங்கடை பேப்பர் பிழை எழுதாதுதானே."

தேனுஜா மெல்ல நிமிர்ந்தாள். "உங்கடை மச்சாளுக்கு ஆர் சொன்னது?"

"இஞ்சை, கொலோனிலை இருக்கிற ஒரு உறவுக்காரன்."

"அவருக்கு?"

"உங்கடை பேப்பரைப் பாத்தவனாம். படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறான்."

"அது சரி" என்று அக்கா இடையில் புகுந்தா. "நீர் ஏன் நேற்றுத்தான் கேள்விப்பட்ட மாதிரிக் கதைக்கிறீர்? எனக்குத் திங்கக்கிழமை சொன்னது நீர்தானே?"

"என்ன சொன்னனான்?"

"தமையனை."

"காயமெண்டு சொன்னனான். ஆஸ்பத்திரியிலை எண்டு சொன்னனான்."

"கடுமை எண்டும் சொன்னனீர்."

"ஓம். கடுமையான காயம்."

அண்ணை வானொலியை நிற்பாட்டினார். தேனுஜா விரலை நீட்டி ஒவ்வொருவராகக் காட்டி, தனக்குத் தானே சொல்வது போலச் சொன்னாள்: "கெய்ரோவுக்குக் கொலோன் சொன்னது. கொலோனுக்குப் பேப்பர் சொன்னது. பேப்பருக்கு நான் சொன்னனான். எனக்கு அம்மா. அம்மாவுக்கு..." விரல் ஹனானில் வந்து நின்றது.

"நான் சொல்லேல்லை!" என்று ஹனான் கத்தினாள்.

"அப்ப செத்ததெண்டு ஆர் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லை. அதுதான் விஷயம். ஒருவரும் சொல்லாமலே ஒரு மனிதன் செத்து, பேப்பரில் வந்து, கெய்ரோவரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டான்.

"அப்ப ஒஸ்மான் இருக்கிறானோ?" என்று கேட்டாள் ஹனான். அவள் தேனுஜாவைப் பார்த்துக் கேட்டாள். பேப்பர்காரி அல்லவா.

"எனக்குத் தெரியாது" என்றாள் தேனுஜா.

"ஜெயா, உனக்கு?"

அக்கா அப்போதுதான் எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கத்தை எடுத்து அவளுக்கு விளங்கப்படுத்தினா. நேரே சொல்லமாட்டம், கடுமை எண்டுதான் சொல்லுவம், அதிலை விளங்கிக்கொள்ளுவம் என்று. தனக்குத் தெரிந்த ஜேர்மன் முழுவதையும் கொட்டிச் சொன்னா. ஹனான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்கடை ஊரிலை ஒருத்தர் மெய்யாவே காயப்பட்டு, சாகாமல் ஆஸ்பத்திரியிலை கிடந்தால், அதை என்னெண்டு சொல்லுவியள்?"

"கடுமை எண்டுதான்."

"அப்ப செத்ததோ காயமோ எண்டு எப்பிடித் தெரியும்?"

"தெரியும்."

"எப்பிடி, ஜெயா?"

"அதுக்குப் பிறகு எனக்கு அவள் சொன்னது ஒண்டும் கேக்கேல்லை, தம்பி" என்று அக்கா என்னிடம் சொன்னா. ஹனான் மேலே போனதும், தேனுஜா ஆசிரியருக்குப் போன் எடுத்து அழுததும் எதுவும் அக்காவின் மனதில் இல்லை.

பென்ஜமின் கத்துகிற மனிதர் இல்லை. "உன் ஆதாரம் யார்?" என்று கேட்டாராம். "அம்மா." "அம்மாவுக்கு?" "அந்தப் பெண்." "அந்தப் பெண் அப்படிச் சொல்லவில்லை." "இல்லை." பிறகு, திருத்தத்தை நீயே எழுது, நாளைக்கு உன் பெயரோடு வரட்டும் என்று சொல்லியிருக்கிறார். சொல்வது சுகம். என்னவென்று எழுதுவது? உயிரோடு இருக்கிறான் என்று எழுத முடியாது, தெரியாதே. வெள்ளிக்கிழமை பேப்பரில் வந்ததை நான் அப்படியே சொல்கிறேன்: "ஒஸ்மான் இறந்துவிட்டதாகப் புதன்கிழமை எழுதியிருந்தோம். அவர் காயமடைந்தார் என்பது மட்டுமே தெரியும். உயிரோடு இருக்கிறாரா என்பது எங்களுக்குத் தெரியாது. வருந்துகிறோம்."

எங்கள் ஊர்ப் பேப்பர் 'தெரியாது' என்று எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சனத்துக்கு விசர் பிடித்தது. மெழுகுதிரியை எடுப்பதா விடுவதா என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. எதிர்வீட்டுக் கிழவி தன் பூச்சாடியைத் தூக்கிக்கொண்டு நாலடி போய், திரும்பி வந்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனதை நானே கண்டேன். அன்றைக்குத்தான் ஹனானின் நோன்புப் பெருநாள். மூன்றாம் மாடியில் ஒரு சத்தமும் இல்லை.

சனிக்கிழமை ஒஸ்மானின் குரல் வந்தது. யாருடையதோ போனில் பதிந்து அனுப்பிய குரல். ஹனான் படியில் ஓடிவந்து அக்காவுக்குப் போட்டுக் காட்டினாள். அரபுதான், அக்காவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் இரண்டு தரம் கேட்டா. ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆள் இருக்கிறான்.

"கடவுளே, நல்லூரானே!" என்று அக்கா கும்பிட்டா. "பேந்து ஏன் அழுறீர்?"

"அம்மா எங்கையெண்டு கேக்கிறான்."

தாய் இவ்வளவு நாளும் வீட்டைவிட்டு அசையாமல் நின்றது மகன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்றுதான். வியாழக்கிழமை கெய்ரோ மச்சாள் அங்கேயும் போன் எடுத்திருக்கிறாள், மகன் போய்விட்டான் என்று. அதற்குப் பிறகு தாய்க்கு அங்கே நிற்க ஒரு காரணமும் இருக்கவில்லை. அயலவர்கள் ஏறிய பஸ்ஸில் தானும் ஏறிவிட்டா. பஸ் எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியாது. மகன் இருக்கிறான் என்று தாய்க்குத் தெரியாது.

ஹனான் ஒரு சொல் குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் ஆறியிருக்கும் என்று அக்கா சொன்னா. உண்மைதான். திட்டாமல் விடுவதைப்போலத் தண்டனை வேறு இல்லை.

அடுத்த கிழமை முழுக்க அக்கா ஒழுங்காகச் சாப்பிடவில்லை. சலவையில் எதிர்மூலையை ஹனான்தான் பிடித்தாள். உதறினார்கள், நேராக்கினார்கள், கொடுத்தார்கள். அண்ணை நினைத்தார், மனிசி சூடான்காரியின் தாயை நினைத்துத்தான் இப்படி இருக்கிறா என்று. ஞாயிற்றுக்கிழமை கத்தரி நாற்றைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக வெளிக்கிட்டவரை அக்கா மறித்துக் கேட்டா.

"இஞ்சேருங்கோ, மாமா அண்டைக்கு விடுதிக்குப் போன் எடுக்கேக்கை முதலிலை நீங்கள்தானே கதைச்சனியள்?"

"எந்த மாமா?"

"கொழும்பு மாமா. நாதன்ர விஷயம்."

"அதை ஏன் இப்ப? ஓம், நான்தான் எடுத்தனான்."

"என்ன சொன்னவர்?"

"கடுமை எண்டு."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு என்ன? உம்மட்டைத் தந்தனான். உமக்கும் அதைத்தானே சொன்னவர்."

"செத்ததெண்டு சொன்னவரோ?"

அண்ணை நாற்றுத் தட்டைக் கீழே வைத்தார். "இஞ்சை பாரும், உமக்கென்ன விசரே? முப்பத்திமூண்டு வருஷம்! அவன் இருந்திருந்தால் ஒரு கடிதம் போட்டிருக்கமாட்டானே?"

"ஆருக்குப் போடுறது? அம்மா இடம்பெயர்ந்து வன்னிக்குப் போயிட்டா. நாங்கள் விடுதி மாறி விடுதி மாறித் திரிஞ்சனாங்கள். எங்கடை விலாசம் அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

"அண்டைக்கு என்னெண்டு உமக்குத் தெரிஞ்சுது?"

"அதைத்தான் நானும் கேக்கிறன், இப்ப!"

அண்ணை எனக்கு இதைச் சொன்னபோது வேலிக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு களையைப் பிடுங்கினார். "நான் கத்தினது பிழைதான், தம்பி. ஆனால் அவளை இனி எப்பிடி ஆற்றுறது எண்டு எனக்குத் தெரியேல்லை. செத்தவன் எண்டால் ஆற்றலாம்."

மாமா செத்து வருஷக்கணக்காகிவிட்டது. அவருடைய மகள் சந்திரா கனடாவில். அன்றைக்குக் கொழும்பு வீட்டில் இருந்தவள். அக்கா அவளுக்குப் போன் எடுத்தா. சுகம் விசாரிக்கவில்லை, நேரே தொடங்கினா.

"சந்திரா, நாதன்ர செய்தி மாமாவுக்கு ஆர் கொண்டந்தது?"

"என்னக்கா திடீரெண்டு? திருக்கோணமலையாலை வந்த லொறிக்காரர்."

"அவர் கண்டவரோ?"

"இல்லை, கடை முதலாளி சொல்லிவிட்டதாம். காயம், கடுமை எண்டு."

"கடுமை எண்டோ? செத்ததெண்டோ?"

"கடுமை எண்டு. அப்பா அப்பிடியே உங்களுக்குச் சொன்னவர். ரோட்டு பூட்டியிருந்தது, ஆரும் போய்ப் பாக்க ஏலாது."

"அப்ப நீங்கள் என்ன நினைச்சனியள்?"

"எங்களுக்கும் முதலிலை ஒரே குழப்பம், அக்கா. அப்பா சொன்னவர், காயமாத்தான் இருக்கும், பாப்பம், இருங்கோ எண்டு. பேந்து நீங்கள் ஜேர்மனியிலை இருந்து அந்தியேட்டிக் கிரியை செய்யச் சொல்லிச் சொன்னியள். அதுக்குப் பிறகுதான் நாங்களும் அழுதனாங்கள். உங்களுக்கு வேறை வழியாலை செய்தி வந்திருக்கு எண்டு நினைச்சம். உங்கடை அம்மாவுக்கும் அப்பா அப்பிடித்தான் ஆளனுப்பிச் சொன்னவர். ஜேர்மனியாலை அறிஞ்சதாம் எண்டு."

அக்கா போனை வைக்கவில்லை. அது கையிலேயே இருந்தது. "அக்கா, அக்கா" என்று சந்திரா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம்.

"நான்தான் தம்பி அவனைச் சாகடிச்சனான்" என்று என்னிடம் சொன்னா. நான் அப்படி இல்லை அக்கா என்றேன். அந்த இடத்தில் வேறு என்னத்தைச் சொல்வது? அந்த நேரத்தில் திருக்கோணமலையில் ஆயிரம் பேர் காணாமல் போனார்கள், காயத்தோடு கிடந்தவன் தப்பியிருப்பானா என்று என் வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். எனக்கும் தெரியாதுதானே.

செவ்வாய்க்கிழமை ஹனான் தாயைத் தேடித்தரச் சொல்லி ஸ்டுட்கார்ட்டில் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போனாள். ஆட்களைத் தேடுகிற பகுதி ஒன்று அங்கே இருக்கிறது என்று தேனுஜாதான் விசாரித்து சந்திப்புக்கு டெர்மின் எடுத்துக் கொடுத்திருந்தாள். அக்காவும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனா. தேனுஜா கார் ஓடினாள். வழி முழுக்கக் கடுகுப் பயிர் மஞ்சளாய்ப் பூத்திருந்ததாம்.

மேசைக்குப் பின்னால் இருந்தது நரைத்த தலைமுடியும் மெல்லிய குரலுமுள்ள ஒரு பெண். ஹனானிடம் தாயின் பெயர், வயது, என்ன சட்டை போட்டிருந்தா, எந்தப் பஸ், யாரோடு என்று அவசரப்படாமல் கேட்டுக் கேட்டுக் கணினியில் அடித்தா. போர் தொடங்கி இரண்டு கிழமைதான், பாதைகள் திறந்தால் சேதி வர வாய்ப்பு உண்டு என்றா. ஹனான் நன்றி சொல்லி எழும்பினாள். தேனுஜாவும் எழும்பினாள். அக்கா எழும்பவில்லை.

"எனக்கும் ஒரு ஆளைத் தேட வேணும்."

"அம்மா?" என்றாள் தேனுஜா.

"பெயர்?" என்று கேட்டா அந்தப் பெண்.

"சுவாமிநாதன். என்ர தம்பி."

"பிறந்த ஆண்டு?"

"அறுபத்தெட்டு."

"கடைசியாக இருந்த இடம்?"

"திருக்கோணமலை. ஒரு இரும்புக் கடை."

"எப்போதிருந்து காணவில்லை?"

அக்கா யோசித்தா. எல்லா வருஷமும் தான் படையல் வைத்துவந்த தம்பி. செத்தவனைக் காணவில்லை என்று யார் சொல்வார்கள்? ஹனான் வந்து அக்காவின் தோளில் கையை வைத்தாள்.

"இவள் எப்பிடியெண்டு கேட்ட வியாழக்கிழமை தொடக்கம்" என்றா அக்கா.